கணக்கர் காத்த கழகம்

சென்ற ஆண்டு கார்த்திகை மாதம் நம் சங்கத்தின் செயற்குழு கூடியது நண்பர்களுக்கு நினைவிருக்கும். வெளியே வடநாட்டுக் குளிர். உள்ளே அதைவிடக் குளிர்ந்த செய்தி ஒன்றைப் பொருளாளர் படித்தார். பொங்கல் விழாவுக்கு மண்டப வாடகை கொடுக்கக் கையிருப்பு இல்லை. சந்தா கொடுத்தவர்கள் 17 பேர். கொடாதவர்கள் அதைப்போல் மும்மடங்கு. சங்கத்தைக் கலைத்துவிட்டால் என்ன என்று ஒருவர் மெல்லக் கேட்டார். உடனே மறுத்துப் பேச ஒருவருக்கும் நா எழவில்லை. முடிவில், கொடாதவர் பட்டியலை என் கையில் தந்து, அறை அறையாகச் சென்று கேட்டு வா என்று பணித்தார்கள். இரசாயனம் பயில்கிறவன் நிறுவையில் பிழை செய்ய மாட்டான் என்று எண்ணினார்கள் போலும்!

அன்றிரவு அந்தப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் நினைவுக்கு வந்தவர் ஒரு மன்னரும் அல்லர், புலவரும் அல்லர். அவர் ஒரு கணக்கர். பிறந்த நாட்டை விட்டு வேற்று நாட்டில் பிழைக்க வந்தவர். 38 பேராகத் தேய்ந்துபோன ஒரு விளையாட்டுக் கழகத்தின் உறுப்பினர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, ஊரெல்லாம் நடந்தவர். அந்தக் கழகந்தான் இன்று உலகமெங்கும் பெயர் விளங்கும் பார்சலோனா கால்பந்துக் கழகம். அந்த மனிதர் ஹான்ஸ் காம்பர். அவருடைய வாழ்க்கையை நம் மாணவ நண்பர்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்னும் ஆசையால் இதை எழுதுகிறேன். ஆட்டத்தின் வெற்றி தோல்விகளை எழுதுவார் பலர் உளர். நான் எழுத விரும்புவது அந்த ஆட்டத்தின் பின்னால் நின்ற வரவு செலவுக் கதையை.

ஊர் விட்டு ஊர்

சுவிட்சர்லாந்து நாட்டில் விண்டர்தூர் என்பது ஒரு தொழில் நகரம். அங்கே 1877 நவம்பர் 22ஆம் நாள் காம்பர் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தார். பின்னர்க் குடும்பம் சூரிக் நகருக்குக் குடிபெயர்ந்தது. தாயில்லாப் பிள்ளைக்கு விளையாட்டுத் திடல் ஒரு துணையாயிற்று. ஓட்டம், மிதிவண்டி, கால்பந்து என்று எதில் இறங்கினாலும் முன்னே நின்றார். 1896இல், வயது பத்தொன்பது நிரம்பாத நிலையிலேயே, சூரிக் கால்பந்துக் கழகத்தைத் தோற்றுவித்தவர்களுள் அவரும் ஒருவர்.

விளையாட்டு வயிற்றை நிரப்புமா? அக்காலத்தில் நிரப்பாது. ஆகவே அவர் வணிகமும் கணக்கும் கற்றார். 1898இல் ஆப்பிரிக்காவுக்குச் சென்று வாணிகத்தில் ஈடுபடலாம் என்று புறப்பட்டவர், வழியில் பார்சலோனாவில் வாழ்ந்த தம் மாமாவைக் காண இறங்கினார். சில நாள் தங்கிப் போகலாம் என்று வந்தவர், வாழ்நாள் முழுவதும் அந்த ஊருக்கே உரியவராகிவிட்டார். கடற்கரை நகரம், ஆலைகள் பெருகிய நகரம், வெளிநாட்டார் பலர் வந்து குடியேறிய நகரம். அது அவர் மனத்தைக் கவர்ந்ததில் வியப்பில்லை. ஒரு பிரெஞ்சு வங்கியிலும், பின்னர் அவ்வூர் இருப்புப்பாதைக் குழுமம் ஒன்றிலும் கணக்கராகப் பணி செய்தார். தாய்நாட்டுச் செய்தித்தாள்களுக்கு விளையாட்டுச் செய்திகளும் எழுதி அனுப்பினார்.

ஊர் புதிது, மொழி புதிது. பகலெல்லாம் பேரேட்டில் எண்களோடு உறவாடிவிட்டு, மாலையில் அறைக்குத் திரும்பும் இளைஞனின் தனிமையை நமக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நம்முள் பலர் இந்தப் பல்கலைக்கழகத்திற்கு வந்த முதல் மாதத்தில் அதை நன்றாகவே சுவைத்திருக்கிறோம்.

பன்னிருவர் கூடினர்

காம்பர் முதலில் உள்ளூர் உடற்பயிற்சிக் கூடம் ஒன்றில் கால்பந்து ஆடிவந்த இளைஞர்களோடு சேர முயன்றார். அயல்நாட்டாரைச் சேர்த்துக்கொள்வதில்லை என்று அவர்கள் மறுத்துவிட்டார்கள். மறுப்புக் கேட்டு மனமுடைந்து வீட்டில் உட்கார்ந்திருந்தால் நமக்கு இந்தக் கதையே இல்லை. 1899 அக்டோபர் 22ஆம் நாள், லோஸ் டெபோர்ட்டெஸ் என்னும் விளையாட்டு இதழில் ஒரு சிறு அறிவிப்பு வந்தது. கால்பந்து ஆட விரும்புவோர் செவ்வாய், வெள்ளி இரவுகளில் ஒன்பது மணி முதல் பதினொரு மணி வரை இதழின் அலுவலகத்தில் வந்து காணலாம் என்பது அதன் செய்தி. சில வரிகள்தாம்! அச்சிட எவ்வளவு இடம் பிடித்திருக்கும்? அந்தச் சில வரிகளிலிருந்து முளைத்ததுதான் பின்னாளில் ஆலமரமாய் நின்றது.

நவம்பர் 29ஆம் நாள் சோலே உடற்பயிற்சிக் கூடத்தில் பன்னிருவர் கூடினர். சுவிட்சர்லாந்தார், ஆங்கிலேயர், ஜெர்மானியர், கட்டலோனியர் என்று பல நாட்டாரும் அதில் இருந்தனர். தம்மை அயலான் என்று ஒருவர் விலக்கியதற்குக் காம்பர் தந்த விடை, எவரையும் விலக்காத ஒரு கழகத்தை அமைத்ததுதான். வால்டர் வைல்டு தலைவரானார். அப்போதுதான் 22 வயது நிறைந்திருந்த காம்பர் ஆட்டக் குழுவின் தலைமையோடு நின்றுகொண்டார். இதை எழுதும் என்னைவிட அவர் ஓராண்டு இளையவர் என்பதை எண்ணும்போது சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது.

டிசம்பர் 8ஆம் நாள் முதல் ஆட்டம். அவ்வூரில் வாழ்ந்த ஆங்கிலேயர் குழுவோடு ஆடி, ஒன்றுக்குச் சுழி என்ற கணக்கில் தோற்றார்கள். தோற்றால் என்ன? தொடங்கிவிட்டார்களே! 1902இல் மக்காயா கோப்பையை வென்றார்கள். அதுவே கழகம் பெற்ற முதல் கோப்பை. 1903 வரை காம்பர் களத்தில் ஆடினார். பந்தை வலைக்குள் செலுத்துவதில் அவருக்கு நிகர் அன்று அங்கே எவரும் இல்லை.

பணம் வந்த வழி, போன வழி

இனிக் கணக்குக்கு வருவோம். ஒரு கால்பந்துக் கழகத்திற்குப் பணம் எங்கிருந்து வருகிறது? அந்நாளில் வழி இரண்டே. ஒன்று, உறுப்பினர் தரும் சந்தா. மற்றொன்று, ஆட்டம் காண வருவோர் தரும் நுழைவுக் கட்டணம்.

சந்தா சிறியது; ஆனால் நிலையானது. குழு வென்றாலும் தோற்றாலும், மழை பெய்தாலும் வெயில் காய்ந்தாலும், உறுப்பினர் உள்ளவரை அது வரும். நுழைவுக் கட்டணம் பெரிதாக வளரக்கூடியது. ஆனால் அது குழுவின் வெற்றியைப் பொறுத்தது. தோற்கும் குழுவைக் காசு கொடுத்துப் பார்க்க யார் வருவார்? மேலும், திடலைச் சுற்றி மதிலோ வேலியோ இல்லாவிட்டால் கட்டணம் வாங்கவே முடியாது. தெருவில் நிற்பவனிடம் சீட்டு விற்பது எப்படி?

செலவுகளோ காத்திருப்பதில்லை. திடல் வாடகை உண்டு. பந்தும் வலையும் வாங்க வேண்டும். வெளியூர்ப் பயணச் செலவு உண்டு. இவற்றுள் பெருந்தலைவலி திடல்தான். பார்சலோனா நகரம் அப்போது நாள்தோறும் விரிந்துகொண்டிருந்தது. இன்று பந்தாடும் வெட்டவெளி, நாளை மாளிகை எழும் மனையாகிவிடும். கழகம் முதலில் மிதிவண்டிப் பந்தயத் திடல் ஒன்றில் ஆடியது. அடுத்து ஒரு விடுதியின் பக்கத்து நிலத்திற்குப் போயிற்று. பிறகு ஓர்தா சாலைக்கும், 1905இல் முந்தானெர் தெருவுக்கும் இடம் மாறிற்று. ஆறாண்டுக்குள் நான்கு திடல்கள்! வாடகை வீட்டுக்காரன் பெட்டியைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக வாழ்வது போன்ற வாழ்வு.

இந்த நிலையில் பற்றாக்குறை வந்தபோதெல்லாம் நிரப்பியது தனி மனிதரின் சட்டைப் பைதான். இரண்டாம் தலைவராக வந்த பார்த்தொமேவு தெர்ராதாஸ் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்துக் கழகத்தின் முதல் நெருக்கடியைத் தீர்த்தார். நல்ல உள்ளந்தான். ஆயினும் ஒரு கழகம் ஒருவர் பையை நம்பி எத்தனை நாள் வாழ முடியும்? கொடுப்பவர் களைத்துவிட்டாலோ, ஊர் மாறிவிட்டாலோ, கழகத்தின் மூச்சு நின்றுவிடும்.

1908 டிசம்பர் 2

அப்படித்தான் நின்றுவிடும் போலவும் இருந்தது. 1905இல் கட்டலோனியப் பட்டத்தை வென்றபின் கழகத்திற்கு வெற்றியே இல்லை. வெற்றி குறையவே பார்ப்பவர் குறைந்தனர். பார்ப்பவர் குறையவே பணம் குறைந்தது. பணம் குறையவே ஆட்டக்காரர் விலகினர். ஆட்டக்காரர் விலகவே தோல்வி மிகுந்தது. இது ஒரு சுழல். இச்சுழலில் அகப்பட்ட கழகம் தானாக மேலே வருவதில்லை. 1908ஆம் ஆண்டின் இறுதியில் உறுப்பினர் எண்ணிக்கை 38. அவ்வாண்டு நவம்பரில் தலைவரான விசென்ஸ் ரெய்க் மூன்று வாரங்களில் பதவியை விட்டார். டிசம்பர் 2ஆம் நாள் கூட்டத்தில் கழகத்தைக் கலைத்துவிடுவதே வழி என்ற பேச்சு எழுந்தது.

காம்பர் எழுந்தார். இந்தக் கழகம் இறக்கலாகாது, இறக்கவும் விடமாட்டேன் என்ற உறுதியோடு தலைமைப் பொறுப்பைத் தாமே ஏற்றார். அவருக்கு அப்போது வயது 31. களத்தில் ஆடும் நாள் கடந்துவிட்டது. வணிகத்தில் தமக்கென்று ஒரு வாழ்வை அமைத்துக்கொண்டிருந்த நேரம். ஒதுங்கிக்கொள்ளக் காரணங்கள் ஏராளம் இருந்தன. ஒதுங்கவில்லை.

என்ன செய்தார்? மந்திரம் ஒன்றும் செய்யவில்லை. உறுப்பினராய் இருந்தவர்களையும் விலகியவர்களையும் தேடித் தேடிச் சென்றார். ஒவ்வொருவரையும் நேரில் கண்டு பேசினார். வணிகர்களைக் கண்டு உதவி கேட்டார். ஒரு பெரிய செல்வரைப் பிடித்துப் பெருந்தொகை வாங்கிவிடலாம் என்று அவர் எண்ணியதாகத் தெரியவில்லை. பலரைச் சேர்த்துச் சிறு தொகைகளை நிலையாக வரச் செய்வதே அவர் கண்ட வழி. சிறு துளி பெருவெள்ளம் என்று நம் பாட்டிமார் சொல்லும் பொருளாதாரம் அது!

பெற்ற பணத்தை என்ன செய்வது என்பதிலும் அவர் கணக்கர் புத்தி வேலை செய்தது. நாடோடி வாழ்வை முடித்தாலன்றி வருமானம் பெருகாது என்று கண்டார். 1909 மார்ச் 14ஆம் நாள் இண்டஸ்ட்ரியா தெருவில், கழகத்துக்கென்றே அமைந்த அரங்கு திறக்கப்பட்டது. ஏறத்தாழ 6,000 பேர் கொள்ளும். இரண்டடுக்குப் பார்வையாளர் மேடையும் இருந்தது. மதிலும் வாயிலும் இருந்தமையால் நுழைவுச் சீட்டு முறையாக விற்க முடிந்தது. தலைமை ஏற்று நான்கு மாதங்கள்கூட நிறையவில்லை என்பதை நோக்குங்கள்.

இடம் போதாத நாட்களில் மக்கள் அரங்கின் மதில்மேல் வரிசையாக ஏறி உட்கார்ந்து பார்ப்பார்களாம். தெருவில் போகிறவர் கண்ணுக்கு அவர்களுடைய பின்புறம் மட்டுமே தெரியும். அதனால் பின்புறத்தார் என்று பொருள்படும் கூலெர் என்னும் கட்டலோனியச் சொல் அக்கழக அன்பர்களுக்குப் பட்டப்பெயராயிற்று. கேலியாகப் பிறந்த பெயரை இன்றும் அவர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்கிறார்கள்.

சுழல் இப்போது எதிர்ப்பக்கம் திரும்பியது. 1909, 1910, 1911 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் கட்டலோனியப் பட்டம். 1910இல் ஸ்பெயின் அரசர் கோப்பை; மீண்டும் 1912இலும் 1913இலும் அதே கோப்பை. வெற்றி மக்களை அழைத்தது. மக்கள் பணத்தைக் கொணர்ந்தார்கள். பணம் நல்ல ஆட்டத்தை வளர்த்தது.

ஆட்டக்காரரும் ஊதியமும்

1912 பிப்ரவரியில் 15 வயதுச் சிறுவன் ஒருவன் காம்பரின் கழகத்துக்காகக் களம் இறங்கினான். பெயர் பாவுலினோ அல்காந்தாரா. பிலிப்பைன்ஸ் தீவுகளில் பிறந்தவன். முதல் ஆட்டத்திலேயே மூன்று முறை பந்தை வலைக்குள் செலுத்தினான். கழகத்துக்காக அவன் அடித்த மொத்தக் கோல்களின் எண்ணிக்கையை 2014இல் மெஸ்ஸி முந்தும்வரை எவரும் முந்தவில்லை. பின்னாளில் மருத்துவராகவும் விளங்கிய அல்காந்தாராவைத் தொடர்ந்து, 1919இல் சமித்தியேரும் சமோராவும் வந்தார்கள்.

இங்கேதான் ஒரு புதிய சிக்கல் முளைத்தது. ஆயிரக்கணக்கானவர் காசு கொடுத்துப் பார்க்கிறார்கள். அந்தக் காசு ஆட்டக்காரனால் வருகிறது. அவனுக்கு ஒன்றும் இல்லையா? அன்றைய ஸ்பெயினின் விதிப்படி ஆட்டக்காரர் ஊதியம் பெறலாகாது. ஆனால் விதி ஒரு பக்கமும் நடப்பு ஒரு பக்கமுமாக இருந்தன. கழகங்கள் மறைவாகக் கொடுத்தன. ஆட்டக்காரர் மறைவாகப் பெற்றார்கள். இளைஞர் சமித்தியேர் கழகத்தில் சேர்ந்தபோது பெற்றது ஒரு நல்ல உடையும் இருளில் ஒளிரும் முகப்புடைய ஒரு கைக்கடிகாரமும் என்று சொல்வார்கள். வாயில்காவலர் சமோராவோ கூடுதல் பணம் கேட்டு, கிடைக்காமற் போகவே 1922இல் தம் பழைய கழகமாகிய எஸ்பான்யோலுக்குத் திரும்பினார்.

காம்பர் விளையாட்டை விளையாட்டுக்காகவே நேசித்த தலைமுறையைச் சேர்ந்தவர். தலைவராக ஐந்து முறை இருந்தார்: 1908–09, 1910–13, 1917–19, 1921–23, 1924–25. அது பொருள் தேடும் பதவி அன்று. நேரத்தையும் உழைப்பையும் விழுங்கும் பதவி. தாம் ஊதியமின்றி உழைத்தவருக்கு, ஊதியம் கேட்கும் ஆட்டக்காரரைக் கண்டால் மனம் கசந்திருக்கும். ஆனால் ஆட்டக்காரன் பக்கத்திலும் நியாயம் உண்டு என்பதை நாம் மறக்கலாகாது. ஏழை வீட்டுப் பிள்ளை காலை ஒடித்துக்கொண்டால் அவன் குடும்பத்துக்கு யார் சோறு போடுவார்? 1926இல் ஸ்பெயின் தொழில்முறை ஆட்டத்தைச் சட்டப்படி ஏற்றுக்கொண்டது. அன்றிலிருந்து கழகக் கணக்கில் சம்பளம் என்னும் செலவினம் வெளிப்படையாக ஏறியது. ஏறியது, இன்றுவரை இறங்கவில்லை.

உறுப்பினர் எழுப்பிய அரங்கு

காம்பர் வாழ்க்கையின் மிகப் பெரிய கணக்கு லெ கோர்ட்ஸ் அரங்கு. இண்டஸ்ட்ரியா தெரு அரங்கில் இடம் போதவில்லை. நூற்றுக்கணக்கில் இருந்த உறுப்பினர் ஆயிரக்கணக்கில் பெருகிவிட்டனர். நிலம் வாங்கிப் புது அரங்கு கட்ட ஏறத்தாழ பத்து இலட்சம் பெசேட்டா வேண்டும். அவ்வளவு பணம் கழகத்தின் பெட்டியில் ஏது?

கழகம் தன் உறுப்பினரிடமே கடன் கேட்டது. அன்பர்கள் கடன் தந்தார்கள். இதன் நுட்பத்தை எண்ணிப் பாருங்கள். வெளியே கடன் வாங்கினால் கடன் கொடுத்தவனுக்குக் கழகத்தின்மேல் பிடி ஏற்படும். ஒரு செல்வரிடம் பெற்றால் அவர் சொல்வதே சட்டம் ஆகிவிடும். பல்லாயிரவர் சிறிது சிறிதாகக் கொடுத்தால், கடன்பட்டவனும் கடன் கொடுத்தவனும் ஒருவனே! அரங்கு நிறைந்தால் அவன் பணம் திரும்பும். ஆகவே அரங்கு நிறைய வேண்டும் என்று அவனே பாடுபடுவான்.

1922 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினர். மே மாதம் 20ஆம் நாள் அரங்கைத் திறந்துவிட்டனர். மூன்று மாதம்! இருபதினாயிரத்துக்கும் மேற்பட்டவர் அமரவும் நிற்கவும் இடம் இருந்தது. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் 38 பேரை வைத்துக்கொண்டு கலைப்பதா காப்பதா என்று வாதாடிய கழகம் இதுதான் என்றால் யார் நம்புவார்?

இந்த ஆண்டுகளில் ஹான்ஸ் என்ற பெயர் மறைந்து ஜுவான் என்ற கட்டலோனியப் பெயர் அவருக்கு நிலைத்தது. அவ்வூர் மொழியைக் கற்றார், பேசினார். கட்டலோனியா தன்னாட்சி கேட்டபோது அவருடைய கழகம் அக்கோரிக்கையின் பக்கம் நின்றது. வந்தேறி என்று ஒதுக்கப்பட்டவர், அந்த மண்ணின் மைந்தரிலும் மைந்தரானார். தம் பிறந்த நாட்டை மறந்தாரா என்றால் இல்லை. ஒரு மரத்துக்குப் பல வேர்கள் இருக்கலாகாதா என்ன?

சீழ்க்கை ஒலியும் பூட்டிய கதவும்

அந்த நிலைப்பாட்டுக்கு விலை கொடுக்க வேண்டிய நாளும் வந்தது. 1923 முதல் ஸ்பெயினில் தளபதி பிரிமோ தெ ரிவேராவின் சர்வாதிகாரம் நடந்தது. கட்டலோனிய மொழியும் கொடியும் ஒடுக்கப்பட்டன. 1925 ஜூன் 14ஆம் நாள் லெ கோர்ட்ஸ் அரங்கில் ஓர் ஆட்டம். கட்டலோனிய இசைக் குழுவாகிய ஓர்பியோ கத்தலாவைப் பாராட்ட எடுத்த விழா அது. துறைமுகத்துக்கு வந்திருந்த ஆங்கிலக் கப்பலின் வாத்தியக் குழு ஒன்று ஸ்பெயின் அரச கீதத்தை இசைத்தது. கூட்டம் சீழ்க்கை அடித்தது. திகைத்த ஆங்கிலேயர் தம் நாட்டு கீதத்தை இசைத்தனர். கூட்டம் கை தட்டியது!

அரசு கொதித்தது. அரங்கை ஆறு மாதம் மூட ஆணை பிறந்தது. ஆட்டம் இல்லை என்றால் நுழைவுக் கட்டணம் இல்லை. ஆனால் கடனும் பராமரிப்பும் அரசாணைக்காகக் காத்திருப்பதில்லை. கழகத்தை அடிக்க விரும்புகிறவன் அதன் வாயிலைப் பூட்டினாலே போதும் என்று ஆட்சியாளர் அறிந்திருந்தனர். அதைவிடப் பெரிய அடி காம்பர்மேல் விழுந்தது. அவர் தலைமையிலிருந்து விலகி நாட்டை விட்டே வெளியேற நேர்ந்தது. சுவிட்சர்லாந்து சென்றார். பின்னர்த் திரும்பி வர இசைவு கிடைத்தது. ஆனால் கழகத்தோடு எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ளலாகாது என்பது நிபந்தனை. தம் கையால் நட்டு நீர் வார்த்த மரத்தின் நிழலில் நிற்க அவருக்கு உரிமை இல்லை!

1929இல் ஸ்பெயினின் முதல் தேசியக் கால்பந்துத் தொடரைப் பார்சலோனா வென்றது. அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் நியூயார்க்குப் பங்குச் சந்தை சரிந்தது. உலகெங்கும் வணிகர் வீழ்ந்தனர். காம்பரும் தம் செல்வத்தை இழந்தார். கழகத்தின் கணக்கைச் சுழலிலிருந்து மீட்டவருக்குத் தம் கணக்கை மீட்க வழி தெரியவில்லை. பணத்தின் இழப்போடு மனச்சோர்வும் சேர்ந்தது. 1930 ஜூலை 30ஆம் நாள், பார்சலோனாவில், 52ஆம் வயதில், தம் வாழ்வைத் தாமே முடித்துக்கொண்டார். மோன்ஜுயிக் குன்றில் அவர் உடல் அடக்கமாயிற்று. இறுதி ஊர்வலத்தில் மக்கள் வெள்ளம் திரண்டது.

பாடப் புத்தகத்தில் வினையூக்கி என்று ஒன்றைப் படிக்கிறோம். பிறவற்றை மாற்றும், தான் மாறாமல் எஞ்சும். மனித வாழ்வில் அப்படி நடப்பதில்லை. பிறரைச் சேர்த்து வைப்பவன் தானும் சிறிது சிறிதாகக் கரைகிறான். அதைச் சுற்றி நிற்பவர் கவனிப்பதும் இல்லை.

அவருக்குப் பின்

1957இல் கழகம் காம்ப் நௌ என்னும் பேரரங்கைத் திறந்தது. அதன் கட்டுமானக் கடன் பல ஆண்டுகள் கழுத்தை நெரித்தது. அந்தக் கடனைத் தீர்க்க உதவியது எது தெரியுமா? காம்பர் காலத்தில் வாங்கிய லெ கோர்ட்ஸ் நிலந்தான்! நகரம் வளர்ந்து மனையின் மதிப்பு ஏறியிருந்தது. அதை விற்றுக் கடனை அடைத்தார்கள். இறந்து முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் அந்தக் கணக்கர் தம் கழகத்தைக் காத்தார் என்று சொன்னால் மிகையாகாது. 1966 முதல் அவர் பெயரால் ஒரு கோப்பைப் போட்டி ஆண்டுதோறும் நடந்துவருகிறது. 2006இல் திறந்த பயிற்சித் திடலும் அவர் பெயரைத் தாங்குகிறது.

1990இல் ஸ்பெயின் ஒரு சட்டம் இயற்றி, தொழில்முறைக் கழகங்களைப் பங்கு நிறுவனங்களாக மாறச் சொன்னது. கணக்கு ஒழுங்காக இருந்த நான்கு கழகங்களுக்கு மட்டும் விலக்கு அளித்தது. அவற்றுள் ஒன்று பார்சலோனா. இன்றும் அதற்கு முதலாளி கிடையாது. ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட உறுப்பினர்களே உடைமையாளர்.

ஆனால் உறுப்பினர் உடைமை என்பதாலேயே கணக்குச் சரியாகிவிடுமா? ஆகாது. 2021 ஆகஸ்டில், கழகத்தின் கடன் 135 கோடி யூரோ என்று தலைவர் லபோர்டா அறிவித்தார். சம்பளச் செலவு வருமானத்தையே விழுங்கியிருந்தது. தொற்றுநோய்க் காலத்தில் அரங்கின் வாயில்கள் மூடியிருந்தமையால் நுழைவுக் கட்டணமும் நின்றுபோயிருந்தது. அம்மாதமே மெஸ்ஸி விலகினார். அடுத்த ஆண்டு, தேசியத் தொடரின் தொலைக்காட்சி வருமானத்தில் தன் பங்கின் கால்பகுதியை 25 ஆண்டுகளுக்கு விற்றுக் கழகம் மூச்சு வாங்கியது. காம்பரும் கடன் வாங்கினார். இவர்களும் கடன் வாங்கினார்கள். அவர் வாங்கிய கடன் நிலமாகவும் அரங்காகவும் நின்றது. பின்னாளில் விலை ஏறி உதவியது. இவர்கள் கடனில் பெரும்பகுதி சம்பளமாகக் கரைந்தது. நாளைய வருமானத்தை இன்றே விற்றவர்களுக்கு நாளை என்ன மிஞ்சும்? கடன் வாங்குவது குற்றமன்று. வாங்கியது எதுவாக மாறுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஒரு கதவு

என் பட்டியலுக்குத் திரும்புகிறேன். மூன்று மாலைகள் விடுதி விடுதியாக ஏறி இறங்கினேன். பெரும்பாலோர் மறதியால் கொடாதவர்கள், கேட்டதும் கொடுத்தார்கள். சிலர் வேடிக்கை பேசினார்கள், அவர்களும் கொடுத்தார்கள். பொங்கல் விழா இனிதே நடந்தது. சர்க்கரைப் பொங்கலை உண்டவர்களுக்கு இதை நினைவூட்ட வேண்டியதில்லை.

பட்டியலின் இறுதியில் இருந்த ஒரு பெயர் மட்டும் என் மனத்தைவிட்டு அகலவில்லை. அந்த நண்பர் கதவைத் திறக்கவே நெடுநேரம் ஆயிற்று. சந்தா என்று வாய் திறக்குமுன் அவர் முகத்தைப் பார்த்தேன். ஊரில் தந்தையாரின் கடை நொடித்துப்போயிருந்தது. விடுதி உணவுக்குப் பணம் கட்ட இயலாமல் ஒரு வேளை உண்டு, வகுப்புக்குப் போவதையும் நிறுத்தி, பதினைந்து நாட்களாக அந்த அறைக்குள் கிடந்திருக்கிறார். தமிழ் பேசும் எழுபது பேர் அதே வளாகத்தில் இருந்தோம். எங்கள் ஏட்டில் அவர் பெயருக்கு எதிரே பாக்கி என்ற ஒரே சொல்தான் இருந்தது. அன்றிரவு அவர் அறையில் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். மறுநாள் நண்பர்கள் சிலர் சேர்ந்து ஆவன செய்தோம். அவர் இப்போது நலம். இந்த ஆண்டு தேர்வும் எழுதுகிறார்.

காம்பர் 1908இல் ஒவ்வோர் உறுப்பினர் வாயிலிலும் போய் நின்றார். 1930இல் அவர் வாயிலில் யார் போய் நின்றார்களோ அறியேன். அதை எண்ணும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது.

இந்த ஆண்டும் சந்தாப் பட்டியல் வரும். நண்பர்களே, தவறாமல் கொடுங்கள். திடலின்றி ஆட்டமில்லை, பொருளின்றிச் சங்கமில்லை. பட்டியலோடு வருகிறவருக்கு ஒரு சொல்: பாக்கி என்று எழுதுமுன் கதவைத் தட்டுங்கள். கதவுக்குள் இருப்பவருக்கும் ஒரு சொல்: பணம் இல்லாவிட்டாலும் கதவைத் திறங்கள். மற்றதை நாம் சேர்ந்து பார்த்துக்கொள்வோம்.